செவ்வாய் இரவு எட்டு மணி: சிறு வணிகர் விழுவதும் எழுவதும்

காரிமங்கலத்தில் வாரச்சந்தை செவ்வாய்க்கிழமை கூடும். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி போகும் வழியில் உள்ள இந்தப் பேரூராட்சிக்கு அன்று ஆடும் மாடும் தேங்காயும் சுற்றுவட்டாரம் முழுவதிலிருந்தும் வந்து இறங்கும். விலை பேசுவது, முன்பணம் கொடுப்பது, போன வாரப் பாக்கியைத் தீர்ப்பது எல்லாம் பெரும்பாலும் ரொக்கத்தில் நடக்கும். 2016 நவம்பர் 8-ம் தேதியும் செவ்வாய்க்கிழமைதான். அன்று இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். 500, 1,000 ரூபாய் நோட்டுகள் நள்ளிரவோடு செல்லாது என்றார். பகலில் மாட்டை விற்றுவிட்டு வீடு போய்ச் சேர்ந்தவர் மடியில் வேறு எந்த நோட்டு இருந்திருக்கும்? நாட்டில் புழங்கிய பணத்தில் மதிப்பளவில் 86 விழுக்காடு அந்த இரண்டு நோட்டுகள்தான்.

2020 மார்ச் 24-ம் தேதியும் செவ்வாய், அதே இரவு 8 மணி. இந்த முறை நாடு முழுக்க ஊரடங்கு. தமிழ்நாட்டில் 144 தடை அன்று மாலை 6 மணிக்கே வந்துவிட்டது. மாட்டுச் சந்தைகளில் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்த மத்திய அரசின் விதிகள் 2017 மே 23-ல் வெளியாயின, அதுவும் செவ்வாய். ‘செவ்வாய் வெறுவாய்’ என்பவர்களுக்கு இது நல்ல தீனி. நான் அந்தக் கட்சி இல்லை, கிழமை ஒத்துப்போனது தற்செயல். ஆனால் வாரத்துக்கு ஒரு நாள் சந்தையை நம்பிப் பிழைப்பவருக்கு ஒரு செவ்வாய் போனால் ஒரு வாரம் போயிற்று, நான்கு செவ்வாய் போனால் முதலுக்கே மோசம்.

இப்படிப்பட்ட அடிகளுக்குப் பிறகு ஒரே தெருவில் ஒரே சரக்கு விற்ற இருவரில் ஒருவர் எழுந்து நிற்கிறார், மற்றவர் நொடித்துப் போகிறார். ஏன்? சுயமுன்னேற்றப் புத்தகங்களிடம் இதற்குத் தயாரான விடை உண்டு: மனவுறுதி, விடாமுயற்சி, தோல்வியைப் பாடமாக எடுத்துக்கொள்ளும் பக்குவம். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து சரக்கு ஏற்றப் போகிறவரிடம் விடாமுயற்சி இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நொடித்துப் போனவர்களிலும் உழைப்பாளிகள் நிறைய. எனக்குத் தெரிந்தவரை விடை வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. விழும் நேரத்தில் அவர் வாங்கியிருந்த கடன் எந்த வகைக் கடன்? விழப்போவதை அவர் யாரிடம், எப்போது சொன்னார்?

அடி வரும் திசைகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வணிகத்தின் மேல் விழும் அடிகளில் பழையது விலை. பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2023 ஜூலையில் தக்காளி சில்லறையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டிப் போனது. அடுத்த சில வாரங்களில் சரிந்தது. விலை ஏறும்போது கொள்முதல் செய்து இறங்கும்போது விற்க நேர்ந்த வியாபாரிக்கு அந்தச் சில வாரங்களே ஒரு வருடச் சம்பாத்தியத்தை விழுங்கப் போதும். மாம்பழக் கதை இன்னும் சிக்கலானது. கிருஷ்ணகிரிப் பக்கம் விளையும் பெங்களூரா மாங்காயில் பெரும்பகுதி கூழ் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. முந்தைய ஆண்டின் கூழ் விற்காமல் கிடங்கில் தங்கினால் தொழிற்சாலை இந்த ஆண்டு வாங்குவதைக் குறைத்துக்கொள்ளும். 2025 பருவத்தில் விலை பாதாளத்துக்குப் போனதற்கு இந்தத் தேக்கமும் ஒரு காரணம். தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் பூப் பூக்கும் காலத்திலேயே பணத்தைக் கொடுத்துவிட்டார். காய் காய்த்த பிறகு வாங்க ஆள் இல்லை என்றால் விவசாயியோடு சேர்ந்து குத்தகைக்காரரும் மண்டிக்காரரும் விழுகிறார்கள். இழப்பீடு பற்றிய பேச்சு விவசாயியோடு நின்றுவிடும்.

இரண்டாவது, சட்டமும் உத்தரவும். 2017-ன் கால்நடைச் சந்தை விதிகளுக்கு மதுரை உயர் நீதிமன்றக் கிளை ஒரே வாரத்தில், மே 30 அன்று, இடைக்காலத் தடை விதித்தது. ஜூலை 11-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுமைக்கும் விரித்தது. வழக்கில் வென்றாயிற்று. ஆனால் வெளியூரிலிருந்து லாரி கொண்டுவரும் வியாபாரிக்கு நீதிமன்றத் தடை வந்த அன்றே பயம் போய்விடாது; வழியில் வண்டியை நிறுத்துகிறவர் தீர்ப்பைப் படித்திருக்கப் போவதில்லை.

இதைவிடச் சிறியதாகத் தெரியும், ஆனால் திரும்பத் திரும்ப வரும் ஓர் அடி தேர்தல் நடத்தை விதி. உரிய ஆவணம் இல்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் பறக்கும் படை பிடித்துக்கொள்ளும். ஒரு நல்ல கறவை மாட்டின் விலையே அந்த அளவைத் தொடுகிறது. மாடு வாங்க வருகிறவர் பையில் வைத்திருக்கும் பணத்துக்கு என்ன ரசீது காட்டுவார்? மாட்டை விற்றவருக்கு ரசீது யார் எழுதிக் கொடுப்பார்கள்? 2024-ல் மார்ச் 16-ல் விதி நடைமுறைக்கு வந்தது, தமிழ்நாட்டில் ஏப்ரல் 19-ல் வாக்குப்பதிவு. இடையே ஐந்து செவ்வாய்கள். பறிமுதலான பணத்தைத் திரும்பப் பெற மாவட்ட அளவில் மூன்று அதிகாரிகள் கொண்ட குழுவிடம் முறையிடலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வாக்காளருக்குப் பணம் போவதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. அது எவ்வளவு தடுத்தது என்பது வேறு விவாதம். சந்தையை மந்தமாக்குவதில் அது தவறியதே இல்லை.

நோயும் அடிதான். 2022-ல் தோல் கழலை நோய் நாட்டின் பல மாநிலங்களில் மாடுகளைத் தாக்கியது. நோய் பரவும்போது நிர்வாகம் முதலில் மூடச் சொல்வது சந்தையைத்தான். மனிதருக்கு வரும் நோய் இன்னும் மோசம், ஏனென்றால் கடையே ஒரு ஆள்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர ஆண்டுக் குடும்ப வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதைக் கொஞ்சம் தாண்டிய கடைக்காரர் திட்டத்துக்கு வெளியே, தனியார் காப்பீடு எடுக்கும் வசதிக்கும் வெளியே. ஓர் அறுவை சிகிச்சை வந்தால் அது கடைச் சரக்கைத்தான் தின்னும்.

தானே தேடிக்கொள்ளும் அடிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: ஓடுகிற கடை போதாதென்று இரண்டாவது கடை, சீட்டை முதல் மாதமே தள்ளுபடிக்கு எடுத்து வீடு கட்டுவது, உறவுக்காரர் ஒருவரைக் கணக்கில்லாமல் கூட்டாளியாக்குவது. ஊருக்கு ஊர் பெயர்தான் மாறும்.

கடன் எந்தக் கையிலிருந்து வந்தது

நாள் தண்டல் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10,000 ரூபாய்க் கடன் என்று பெயர். 1,500 ரூபாயை முன்னாலேயே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் கொடுக்கிறார்கள். தினம் 100 ரூபாய், 100 நாள். கேட்கும்போது நூற்றுக்குப் பதினைந்து என்பது போலத் தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது. அதைச் சேர்த்துப் பார்த்தால் ஆண்டு வட்டி ஏறக்குறைய 120 விழுக்காடு. மாதம் நூற்றுக்கு மூன்று என்று வாங்கும் ‘மூணு வட்டி’ ஆண்டுக்கு 36. வங்கியில் நகைக்கடனோ தொழில் கடனோ இதில் ஒரு சிறு பங்குதான். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. ஆனால் தண்டல்காரரைப் பற்றிப் புகார் கொடுக்கும் கடைக்காரர் அடுத்த மாதச் சரக்குக்கு யாரிடம் போவார் என்று சட்டம் கேட்டுக்கொள்வதில்லை.

வட்டி மட்டும் பிரச்சினை என்றால் சமாளித்துவிடலாம். உண்மையான வேறுபாடு ஊரடங்கில் வெளிப்பட்டது. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை வங்கித் தவணைகளைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. 2 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு அந்த ஆறு மாத வட்டியின் மேல் விழுந்த வட்டியை அரசே ஏற்றது. மே மாதம் 3 லட்சம் கோடி ரூபாய் அளவுக்கு அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் வந்தது. 2020 பிப்ரவரி 29-ல் வங்கிக் கடன் நிலுவை இருந்தவர்களுக்கு அதில் 20 விழுக்காடு வரை பிணையில்லாமல் மேற்கொண்டு கிடைத்தது. நிபந்தனையைக் கவனியுங்கள்: ஏற்கெனவே வங்கியில் கடன் வாங்கியிருக்க வேண்டும். தண்டலில் ஓடிய கடைக்கு நிலுவை என்று காட்ட எந்தப் புத்தகமும் இல்லை. அவருக்குத் தள்ளிவைப்பும் கிடையாது, கூடுதல் கடனும் கிடையாது. தெருவோர வியாபாரிகளுக்கு அந்த ஜூனில் வந்த பிரதமரின் ஸ்வநிதி திட்டம் 10,000 ரூபாய் கொடுத்தது. அது நல்ல திட்டம், தொகைதான் சின்னது.

ஆக, ஊரடங்கில் கடை இருவருக்கும் மூடித்தான் கிடந்தது. வங்கியோடு கணக்கு வழக்கு வைத்திருந்தவருக்கு அது ஆறு மாத ஓய்வு போல ஆயிற்று, மற்றவருக்கு ஆறு மாதக் கடனாக ஆயிற்று. இருவரின் மனவுறுதியையும் யாரும் அளந்து பார்க்கவில்லை. வருமான வரிக் கணக்கு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு, நடப்புக் கணக்கில் வரவு செலவு போன்றவற்றை ‘வீண் வேலை’ என்று ஒதுக்குபவர்களிடம் நான் சொல்வது இது ஒன்றைத்தான். நல்ல நாளில் அந்தக் காகிதங்களால் ஒரு பிரயோஜனமும் தெரியாது. அடி விழுந்த பிறகு அவற்றை உருவாக்கவும் முடியாது.

அதற்காகத் தனியார் கடனை முழுக்கக் கெட்டது என்று தள்ளிவிடுவதும் சரியில்லை. சரக்கைக் கடனில் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளும் மண்டிக்காரர், கைமாற்றாகக் கொடுக்கும் பக்கத்துக் கடைக்காரர், முன்பணம் வாங்காமல் மாட்டை ஏற்றிவிடும் தரகர் ஆகியோர் இல்லாமல் சந்தை என்று ஒன்று இருக்க முடியாது. பணமதிப்பிழப்புக் காலத்தில் ஒரு சிறு தொகைக்கு மேல் பழைய நோட்டை மாற்ற முடியாமல் வரிசையில் நின்ற வாரங்களில் சிறு ஊர்களின் வியாபாரத்தை ஓட்டியது இந்தப் பேச்சுக் கடன்தான். இங்கே வட்டி இல்லை, ஆனால் ‘சொன்ன தேதியில் கொடுப்பான்’ என்ற பெயர் வேண்டும். அந்தப் பெயர் ஒரு முறை கெட்டால் வங்கி மேலாளரைப் போல இவர்கள் மறுபரிசீலனை செய்வதில்லை.

முன்னால் விழுந்தவர்கள்

1906 அக்டோபர் 16-ல் வ.உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். ஆறு நாள் கழித்து, அக்டோபர் 22-ல், சென்னையின் பெரிய வணிக நிறுவனமான அர்பத்நாட் கடையை மூடியது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு அதோடு போயிற்று. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

வ.உ.சி.யின் கப்பல்கள் மோதியது கட்டணத்தோடு. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி தூத்துக்குடி–கொழும்பு வழியில் கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது; அவ்வளவு நாள் நட்டத்தில் ஓட்ட அதனிடம் பணம் இருந்தது, ஆதரவாக அரசாங்கமும் இருந்தது. 1908 மார்ச் 12-ல் வ.உ.சி. கைதானார், 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் விடுதலையானபோது வழக்கறிஞர் சன்னது கூட அவரிடம் இல்லை. பின்னாளில் வாலஸ் என்ற நீதிபதியின் உதவியால் அது திரும்பக் கிடைத்தது. நன்றியோடு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். அவருடைய துணிச்சலைப் பற்றிப் பேசாதவர் இல்லை. அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் நின்று நட்டத்தைத் தாங்கும் பணம் போதாமல் போனதைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம்.

அர்பத்நாட் விழுந்தபோது நடந்தது வேறு. தலைவர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் இந்தியர் கையில் ஒரு வங்கி வேண்டும் என்று பங்கு திரட்ட, 1907 ஆகஸ்ட் 15-ல் இந்தியன் வங்கி செயல்படத் தொடங்கியது. ஊரே சேர்ந்து நட்டப்பட்டால் ஊர் சேர்ந்து ஏதாவது செய்யும். தனியாக நட்டப்படுகிறவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

செட்டிநாட்டு லேவாதேவி பர்மாவில் பட்ட அடி அளவில் இவற்றைவிடப் பெரியது. 1930-களில் நெல் விலை சரிந்ததும் கடன் வாங்கியவர்களால் திருப்பித் தர முடியவில்லை. பணத்துக்குப் பதில் நிலம் கைக்கு வந்தது. 1938 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் செட்டியார்கள் பெயரில் இருந்தது. ஏட்டில் அவர்கள் செல்வந்தர்கள்தான். ஆனால் அந்த நிலத்தை மூட்டை கட்டிக் கொண்டுவர முடியாது. 1942-ல் ஜப்பானியர் வந்தபோதும், விடுதலைக்குப் பிறகு பர்மிய அரசு நிலத்தை எடுத்துக்கொண்டபோதும் பெரும்பகுதி போயிற்று. முருகப்பா குடும்பம் 1930-களிலேயே தொழிலைச் சென்னைக்கு மாற்றத் தொடங்கிவிட்டது. இன்று அது இருக்கும் இடத்துக்கு அந்த முன்கூட்டிய வெளியேற்றம் முக்கியக் காரணம். போட்ட முதல் எவ்வளவு என்பதைப் பார்த்து உட்கார்ந்திருப்பவருக்கும், இன்று விற்றால் எவ்வளவு கிடைக்கும் என்று பார்ப்பவருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

ஜி.டி. நாயுடு இளவயதில் பருத்தி வியாபாரத்தில் சேர்த்த பணத்தைப் பம்பாய்ச் சந்தையில் தொலைத்துவிட்டுத் திரும்பினார். பிறகு சம்பளத்துக்கு வேலை பார்த்தார். 1920-ல் கடன் வாங்கி ஒரு பஸ் வாங்கி பொள்ளாச்சி–பழனி தடத்தில் தானே ஓட்டினார். ‘விழுந்தார், எழுந்தார்’ என்று சொல்லும்போது நடுவில் உள்ள சம்பள வேலையை எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. முதலாளியாக இருந்தவர் கைகட்டி வேலைக்குப் போக நம் ஊர்களில் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வதில்லை.

அண்மைக்கால உதாரணம் திருப்பூர். நொய்யல் மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. தவறு தொழிலுடையதுதான், ஆறு செத்துக்கொண்டிருந்தது உண்மை. ஆனால் அங்கே சாயப்பட்டறைக்காரர் தனி ஆள் இல்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள், சங்கம், ஏற்றுமதியாளர் என்று பலர் சேர்ந்து கேட்டதால் மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. கழிவுநீரை வெளியே விடாத முறைக்கு மாறியவர்கள் மீண்டார்கள். மாற முடியாத சிறு பட்டறைகள் மீளவில்லை. எதிர்த்திசையில் ஒரு பாடம் சென்னையின் சுபிக்‌ஷா: 1997-ல் தொடங்கி 1,600 கடைகள் வரை போய், 2009 தொடக்கத்தில் கையில் ரொக்கம் வற்றி ஒரேயடியாக நின்றது. வாடிக்கையாளர் குறைந்து அது விழவில்லை.

மஞ்சள் கடுதாசி

இனி, உண்மையாகவே தீராத கடனில் மாட்டிய காரிமங்கலத்துக் கடைக்காரருக்குச் சட்டம் என்ன வைத்திருக்கிறது? 2016-ல் திவால் சட்டம் புதிதாக வந்ததும் எல்லாம் மாறிவிட்டதாகச் செய்தித்தாள்கள் எழுதின. கம்பெனிகளுக்கு மாறியதுதான். தனிநபருக்கான அதன் பகுதி, கம்பெனிக் கடனுக்குப் பிணை நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சொந்தப் பெயரில் கடை நடத்துகிறவர் இன்னும் 1920-ம் ஆண்டு மாகாணத் திவால் சட்டத்தின் கீழ்தான் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். 500 ரூபாய்க் கடன் இருந்தாலே மனுப் போடலாம் என்று அதில் இன்றும் எழுதியிருக்கிறது. நூறு வருடத்துக்கு முந்தைய 500 ரூபாய்.

‘ஐ.பி. கொடுத்துட்டான்’, ‘மஞ்சக் கடுதாசி விட்டுட்டான்’ என்று ஊர் சொல்வது இந்த மனுவைத்தான். சொல்லும் தொனியில் ஏமாற்றுக்காரன் என்ற பொருள் கலந்தே வரும். அதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை: சொத்தை முதலில் மனைவி, மச்சான் பெயருக்கு எழுதிவிட்டு அப்புறம் ஐ.பி. போட்டவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. சட்டம் இதை முன்பே யோசித்திருக்கிறது. திவால் மனு போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள், நல்லெண்ணம் இல்லாமலோ உரிய விலை வாங்காமலோ மாற்றிய சொத்தை நீதிமன்றம் திரும்பப் பிடிக்கலாம். கடன் கொடுத்த ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டி மூன்று மாதத்துக்குள் கொடுத்ததையும் ரத்து செய்யலாம். அதாவது அந்தச் சட்டம் ஏமாற்றுக்காரனைப் பிடிக்கும் கருவியாகவே பெயர் பெற்றது. நேர்மையாக நொடித்தவரை விடுவிக்கும் வழியும் அதில் இருப்பதை யாரும் நினைப்பதில்லை. அமெரிக்காவில் தனிநபர் திவால் மனு வருடத்துக்கு லட்சக்கணக்கில் போடப்படுகிறது. அங்கே அது அவமானமே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் மறுபடி கடை திறக்க அது தடையில்லை.

கடனுக்காகச் சிறைக்குப் போக நேரிடுமோ என்ற பயம் பலருக்கு. கட்ட வசதி இருந்தும் கட்டாதவரைத்தான் உரிமையியல் சிறைக்கு அனுப்பலாம், வெறும் இயலாமைக்காக அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் சொல்லிவிட்டது. பயப்பட வேண்டியது காசோலைக்குத்தான். கடன் கொடுப்பவர் கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையை வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம். அது திரும்பினால், நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் பணம் கொடுக்காவிட்டால், குற்ற வழக்கு. இரண்டு ஆண்டு வரை சிறை, காசோலைத் தொகையைப் போல இருமடங்கு வரை அபராதம். பேச்சுக் கடன் குற்றவியல் வழக்காக மாறுவது இந்த ஒரு காகிதத்தால்.

தனக்கு வர வேண்டிய பணம் வராமல் விழுகிறவர்கள் வேறு வகை. குறு, சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் வங்கி வீதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரலிலிருந்து இப்படித் தாமதித்த தொகையைக் கொடுக்கும் வரை செலவாகக் காட்டி வரிச் சலுகை பெறவும் முடியாது. இதெல்லாம் உற்பத்தியும் சேவையும் செய்கிறவர்களுக்கு. வாங்கி விற்கும் வணிகரை 2021 ஜூலையில் உத்யம் பதிவில் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் வங்கி முன்னுரிமைக் கடனுக்கு மட்டும். தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு அவருக்கு இல்லை. சந்தையை நம்பியிருக்கும் ஊரில் பெரும்பாலானோர் வணிகர்தான்.

சொல்வதும் சொல்லாமல் விடுவதும்

2016 மார்ச்சில் ரிசர்வ் வங்கி குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்காக ஒரு மீட்பு நடைமுறையை வகுத்தது. அதில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. தவணை தவறும் வரை காத்திருக்கத் தேவையில்லை. தொழில் தோற்கப்போகிறது என்று நியாயமாகத் தோன்றினாலே தொழில் நடத்துகிறவர் தானே வங்கியிடம் போய்ச் சொல்லி, தவணையை மாற்றி அமைக்கக் கேட்கலாம். 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இந்த நடைமுறை வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்றது. அதோடு தொழில்முனைவோரும் கணக்கு வாராக்கடன் ஆவதற்கு முன்பே உரிய ஆவணங்களோடு கேட்க வேண்டும் என்றது. 90 நாள் தவணை நின்றால் கணக்கு வாராக்கடன். அதன் பிறகு வருவது 60 நாள் நோட்டீஸ், அப்புறம் ஏலம். முதல் 90 நாளுக்குள் வாய் திறந்தவருக்குக் கிடைப்பது வாய் திறக்காதவருக்குக் கிடைக்காது.

ஆனால் நம் ஆட்கள் அந்த 90 நாளில் என்ன செய்கிறார்கள்? வங்கித் தவணையைக் கட்ட மூணு வட்டிக்கு வாங்குகிறார்கள். மூணு வட்டியைக் கட்டத் தண்டலுக்குப் போகிறார்கள். தண்டலைக் கட்ட மனைவி பெயரில் குழுக் கடன். கடைசியில் நகை. 9 விழுக்காட்டுக் கடனைக் காப்பாற்ற 120 விழுக்காட்டுக் கடன்! கணக்குப்படி இதைவிட முட்டாள்தனம் இல்லை. ஆனால் அவர் காப்பாற்றப் பார்ப்பது வட்டியை அல்ல, வங்கி ஆள் கடை வாசலில் வந்து நிற்பதை அண்டை வீட்டார் பார்க்காமல் இருப்பதை. கடன் கொடுத்தவர்களை வரிசைப்படுத்தினால் மிகக் குறைந்த வட்டிக்காரருக்கு முதலிலும், வாசலில் கத்துகிறவருக்கு அதற்கும் முதலிலும் கட்டுகிறார்கள். குழுக் கடன் வசூலில் மிரட்டல் கூடாதென்று 2025-ல் தமிழ்நாடு தனிச் சட்டம் போட வேண்டி வந்தது சும்மா இல்லை.

இந்த மறைப்பின் முடிவு சில வீடுகளில் கொடூரமாக இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2020-ல் நாட்டில் தற்கொலையால் இறந்த வணிகர்கள் 11,716 பேர். வேளாண்மையில் இருந்தோர் 10,677. அடுத்த ஆண்டு வணிகர் எண்ணிக்கை 12,055. விவசாயி தற்கொலை பற்றிச் சட்டமன்றம் விவாதிக்கும். கடைக்காரர் இறந்தால் ‘கடன் தொல்லை’ என்று உள்ளூர்ப் பக்கத்தில் இரண்டு பத்தி, அவ்வளவுதான். எந்நேரமும் கட்டணமின்றிப் பேச 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண் 2022-லிருந்து இருக்கிறது, தமிழில் பேசலாம். கடன் பற்றிப் பேசுவதற்கும் அது உகந்த இடம்தான்.

இன்னொரு வழி, ஊரை விட்டுப் போவது. பெங்களூரும் ஓசூரும் பக்கத்தில் இருப்பதால் தருமபுரிக்காரருக்கு இது சுலபம். கடையை மூடிவிட்டு பேக்கரியிலோ கட்டட வேலையிலோ கம்பெனியிலோ சேர்ந்து, இரண்டு மூன்று வருடத்தில் பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புவார்கள். எழுதப்படாத திவால் சட்டம் என்று இதைச் சொல்லலாம். ஓடிப்போனவர் என்ற பேச்சு வந்தாலும், அனுப்பத் தொடங்கியதும் அடங்கிவிடும். சொல்லிவிட்டுப் போனவருக்கும் சொல்லாமல் போனவருக்கும் இங்கேயும் வித்தியாசம் உண்டு. மண்டிக்காரரிடம் ‘சரக்கு ஓடல, இருக்கிறதை எடுத்துக்குங்க, மீதிக்கு ஆறு மாசம் குடுங்க’ என்று போகும் முன்னால் சொன்னவருக்குத் திரும்பி வந்தால் மறுபடி சரக்கு கிடைக்கும். மண்டிக்காரர் நல்லவர் என்பதால் மட்டும் இல்லை; மீதிப் பணம் வர வேண்டுமானால் அவர் கடை நடக்க வேண்டும் என்று மண்டிக்காரருக்கும் தெரியும்.

பேசித் தீர்க்க அரசு வைத்திருக்கும் இடம் லோக் அதாலத். காசோலை வழக்கு, வங்கி வாராக்கடன் இரண்டும் அங்கே பெருமளவு வருகின்றன. நீதிமன்றத்தில் வழக்கு போடுவதற்கு முன்பே எடுத்துப் போகலாம், கட்டணம் இல்லை. நிலுவையில் உள்ள வழக்கு முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பும். வட்டியைத் தள்ளி அசலில் ஒரு பகுதிக்கு வங்கி இறங்கி வருவதும் உண்டு. போவதற்கு முன் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று ஒரு தொகையை எழுதிக்கொண்டு போக வேண்டும், ஏனென்றால் அங்கே ஒப்புக்கொண்ட தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன் மேல் மேல்முறையீடு கிடையாது.